உச்சி வெயிலும் முழுக்கைச் சட்டையும்

வெம்பக்கோட்டை ஏறத்தாழ 9.3 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சூரியன் வடக்கு நோக்கி நகர்ந்து வரும் வழியில், ஏப்ரல் 14 வாக்கில், அதாவது சித்திரை முதல் நாளையொட்டி, எங்கள் ஊருக்கு நேர் உச்சியில் வந்து நிற்கிறது. பகல் பன்னிரண்டேகால் மணியைச் சற்றுக் கடந்த அந்த வேளையில் வைப்பாற்று மணலில் ஒரு கம்பை நட்டுவைத்தால் அதற்கு நிழல் இராது. ஆகஸ்ட் மாதக் கடைசியில், தெற்கே திரும்பும்போது, இன்னொரு முறை இது நிகழும். ஊர்ப்பெயரிலேயே வெம்மை ஒலிப்பதாக வெளியூர் நண்பர்கள் சொல்வதுண்டு. பெயர்க்காரணம் அதுதானா என்ற ஆராய்ச்சிக்குள் நாங்கள் இறங்கவில்லை. ஆனால் வருடப் பிறப்பன்று சூரியனே தலைக்குமேல் வந்து நின்று கணக்குக் கேட்கும் ஊர் இது என்பது மட்டும் நிச்சயம்.

கரிசல்காட்டுப் பேச்சில் வெப்பத்துக்குச் சொற்கள் ஏராளம். வெக்கை, காங்கை, அனல், புழுக்கம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான சூட்டைச் சொல்லும். நண்பகலுக்கு ‘உருமம்’ என்று தனிச்சொல்லே உண்டு. 1982-இல் வெளிவந்த தம் நாவலுக்குப் பூமணி ‘வெக்கை’ என்று பெயர் வைத்தபோது, அந்த ஒற்றைச் சொல்லிலேயே நிலமும் பகையும் பசியும் வந்துவிட்டதாக எங்களுக்குத் தோன்றியது. இவ்வளவு சொற்கள் இருந்தும், தோலைக் கெடுக்கும் கதிருக்கு மட்டும் எங்கள் மொழியில் பழஞ்சொல் இல்லை. காரணம் எளியது. சுடும் பொருளுக்குத்தான் மனிதன் பெயர் வைப்பான். புற ஊதாக் கதிர் சுடுவதில்லை, கண்ணுக்கும் தெரிவதில்லை. வெயிலில் நம்மைச் சுடுவது அகச்சிவப்பும் கண்ணுக்குப் புலனாகும் ஒளியும். தோலின் உயிரணுக்களைச் சிதைப்பதோ பெரும்பாலும் அந்தப் பெயரற்ற பங்கு.

இதனால் ஒரு குழப்பம் நேர்கிறது. மே மாதத்தில் கத்திரி தொடங்கினால்தான் வெயிலுக்கு அஞ்சுகிறோம். ஆனால் புற ஊதாவின் வலிமை, காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று. சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. மார்ச் மாத முற்பகலில் இதமான காற்று வீசும்போதும், மெல்லிய மேகம் மூடியிருக்கும்போதும் அந்தக் கதிர் வந்துகொண்டுதான் இருக்கும். உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கும் புற ஊதாக் குறியீட்டில் 3-ஐத் தொட்டாலே காப்பு தேவை; 11-க்கு மேல் போனால் உச்ச அபாயம். தமிழ்நாட்டுக் கோடையின் தெளிந்த நண்பகல்களில் 11-ஐத் தாண்டுவது சாதாரணம்.

குறியீட்டைப் பார்க்கக் கைப்பேசி வேண்டும். பார்க்காமலே அறிய ஒரு வழி இருக்கிறது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் தோலுக்குப் பகை. நெட்டையாக இருந்தால் பகை தணிந்திருக்கிறது. எங்கள் ஊர்க் கணக்குப்படி, சித்திரை மாதத்தில் காலை ஒன்பதேகால் மணி சுமாருக்கு நிழல் ஆளைவிடக் குட்டையாகிவிடும். பிற்பகல் மூன்றேகால் வரை அப்படியே இருக்கும். ஆறு மணி நேரம். ஆடு மேய்க்கும் சிறுவனும் பார்த்துச் சொல்லக்கூடிய கடிகாரம் இது.

இந்த ஆறு மணி நேரத்தை எண்ணும்போதுதான் எங்கள் வட்டாரத்தின் விசித்திரம் புலப்படுகிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகள் வெயிலால் வாழ்பவை. மழை பொய்த்த கரிசலில் விவசாயம் சோறு போடாத காலத்தில், 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கும் பிறகு வந்த பட்டாசுக்கும் வறண்ட காற்றும் விடாத வெயிலும் மூலதனம். ஈரம் பட்டால் குச்சி பற்றாது, மருந்து கெட்டுப்போகும். வெயில் நன்றாய்க் காய்ந்தால் வேலை நடக்கும். வேலை நடந்தால் உலை கொதிக்கும். அடைமழை நாள்களில் ‘இன்னைக்கு வேலை இல்லை’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு வெயிலை வெறுக்கத் தெரியாது.

ஆனால் அதே தொழில் வெயிலுக்கு அஞ்சவும் கற்றுக்கொண்டிருக்கிறது. மருந்து கலக்கும் வேலையை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும் என்பது பட்டாசுத் தொழிலின் பாலபாடம். காயவைக்கும் களங்களிலும் கவனம் வேண்டும். சூடேறிய மருந்து உராய்வைப் பொறுக்காது. உடுத்தும் துணியிலும் கட்டுப்பாடு உண்டு. நைலான், பாலியஸ்டர் ஆடைகள் நிலைமின்னூட்டம் சேர்ப்பவை. ஆகவே பருத்திதான் உடுத்த வேண்டும். இந்த விதிகள் மீறப்படும்போது என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தோல் என்ற சொல் எங்கள் ஊர் வீடுகளில் முதலில் நினைவூட்டுவது தீப்புண்ணைத்தான். அப்படிப்பட்ட இடத்தில் வெயிலில் தோல் கறுப்பதைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம்போல் தோன்றலாம்.

ஆயினும் பேசத்தான் வேண்டும் என்று நினைக்கிறோம். வெடிவிபத்து ஒரு நொடியில் செய்வதை வெயில் முப்பது ஆண்டுகளில் மெதுவாகச் செய்கிறது என்றால் அது மிகை, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மருந்துக்கு நேரம் ஒதுக்கியாயிற்று. எந்நேரத்தில் அதை வெயிலில் வைக்கலாம், எந்நேரத்தில் கூடாது என்று எழுதியும் எழுதாமலும் முறைகள் இருக்கின்றன. அந்த மருந்தைத் தட்டில் வைத்துச் சுமந்து போகும் கைக்கு அப்படி ஒரு நேரம் யாரும் ஒதுக்கவில்லை.

நிழலுக்கும் எங்கள் ஊரில் வில்லங்கம் உண்டு. கோடையில் ஆலை அறைகள் அனலாய்க் கொதிக்கும்போது, வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வேலை செய்யத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் மரத்தடியில் பட்டாசு செய்வது விதிமீறல். அறைக்கு இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என்ற கணக்கு உயிரைக் காக்கும் கணக்கு; மரத்தடியில் அது குலைந்துவிடும். ஆகவே அதைத் தடுப்பது சரியே. ஆனால் மரத்தடியை மறுப்பவர்கள், காற்று வரும் அறையையும் வெயில் தணியும் வரை ஓய்வையும் சேர்த்தல்லவா கொடுக்க வேண்டும்? நிழலைத் தேடிப் போவதே குற்றமாகிப் போகும் தொழில் வேறெங்கும் இருக்குமோ தெரியவில்லை.

இனித் தோலுக்கு வருவோம். எங்கள் நிறத்தைப் பற்றி இரண்டு பொய்கள் எங்களிடம் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. முதற்பொய்: கறுத்த தோலை வெயில் ஒன்றும் செய்யாது. இரண்டாவது பொய்: வெயில் செய்யும் ஒரே கேடு கறுக்க வைப்பதுதான்.

முதற்பொய்யில் கொஞ்சம் மெய் கலந்திருக்கிறது. மெலனின் என்னும் நிறமி இயற்கையான காப்பு. கறுப்பினத்தவரின் மேல்தோல் புற ஊதா பி கதிருக்கு எதிராகச் சராசரியாக 13 மடங்குக்குச் சற்று மேலான காப்பைத் தருவதாகவும், வெள்ளையரின் மேல்தோல் ஏறத்தாழ 3.4 மடங்கே தருவதாகவும் 1979-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம்மில் பெரும்பாலோர் இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பவர்கள். அதனால்தான் வெயிலால் வரும் தோல் புற்றுநோய் வெள்ளையரிடம் இருக்கும் அளவுக்கு நம்மிடம் இல்லை. ஆனால் காப்பு என்பது கவசமன்று. ஆண்டுக்கணக்கில் உச்சி வெயிலில் நிற்பவர்களுக்கு மங்கு படர்கிறது, தோல் தடித்துச் சுருங்குகிறது, கீழுதடு வெடித்துப் புண்ணாகிறது, கழுத்திலும் முன்கையிலும் வெயில் பட்டவுடன் அரிக்கும் தடிப்புகள் தோன்றுகின்றன. கண்ணில் சதை வளர்வதற்கும் புரை விழுவதற்கும் இக்கதிருக்குப் பங்கு உண்டு. ‘வயசாச்சில்ல, அப்படித்தான் இருக்கும்’ என்று எங்கள் ஊர்ப் பெண்கள் நாற்பது வயதில் சொல்லிக்கொள்வதில் பாதிக்கு மேல் வயதின் வேலையன்று, வெயிலின் வேலை. நம்பாதவர்கள் முன்கையின் வெளிப்புறத் தோலையும், அதே ஆளின் புயத்தில் உட்பக்கத் தோலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் வயது ஒன்றுதான்.

இரண்டாவது பொய்தான் அதிகக் கேடு செய்தது. வெயிலில் தோல் கறுக்கும்போது என்ன நடக்கிறது? உயிரணுவின் கருவுக்குமேல் மெலனின் துகள்கள் வந்து தொப்பிபோல் கவிகின்றன. உள்ளிருக்கும் மரபுப்பொருள்மீது கதிர் விழாமல் தோல் தானே குடை பிடிக்கிறது. அடிபட்டதற்கு அடையாளமும் அதுவே, அடியைத் தடுக்கும் முயற்சியும் அதுவே. அந்தக் குடையைத்தான் அழுக்கு என்று எண்ணித் தேய்த்துக் கழுவப் பார்க்கிறோம். 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020-இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று பெயர் மாறியது. நாற்பத்தைந்து ஆண்டுகள் பெயரில் இருந்த சொல் போய்விட்டது. பெண் பார்க்க வருகிற வீட்டாரின் நாக்கிலிருந்து அது இன்னும் போகவில்லை.

எங்கள் உறவில் ஒரு பெண். ஆலையில் சரம் பின்னுகிறவள். கல்யாணம் நிச்சயமானதும், ‘வெயிலுக்குக் கறுத்துப் போயிட்டா’ என்று வீட்டார் கவலைப்பட்டு, யாரோ சொன்னார்கள் என்று ஒரு களிம்பை வாங்கிக் கொடுத்தார்கள். பத்து நாளில் முகம் பளிச்சென்று வெளுத்தது. எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டு மாதத்தில் கன்னத்துத் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, வெயிலில் தலைகாட்டினாலே மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் எரியத் தொடங்கியது. களிம்பை நிறுத்தினால் எரிச்சல் இரட்டிப்பாயிற்று. தோல் மருத்துவர் பார்த்துவிட்டு அது ஸ்டீராய்டு கலந்தது என்றார். சீராக ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ‘அக்கா, முன்னாடி இருந்த மூஞ்சியே எனக்குக் கெடைச்சாப் போதும்’ என்று எங்கள் வீட்டில் உட்கார்ந்து அவள் சொன்னது எங்களை இன்னும் உறுத்துகிறது. இத்தகைய ஸ்டீராய்டு மேற்பூச்சுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாதென 2018-இல் மத்திய அரசு விதித்தது. விதி வந்தபின் நடந்த கதை இது. வெயிலிலிருந்து காக்கவென்று வாங்கியது, வெயிலைத் தாங்கும் சக்தியையே பறித்துவிட்டது.

எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்தால் கறுப்புப் போகும் என்பதும் இதே வகை. அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் எழும்பி, முன்னைவிடக் கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் வறட்சிக்கு நல்லவை. வெயிலைத் தடுப்பதில் அவற்றை நம்ப முடியாது.

அப்படியானால் எதை நம்புவது? விடையை எங்களுக்குக் காட்டியது ஓர் அகழாய்வுக் குழி. வைப்பாற்றங்கரையில், விஜயகரிசல்குளம் மேட்டில், தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கியது; 2023-இலும் 2024-இலும் அடுத்த கட்டங்கள் நடந்தன. சங்கு வளையல்கள், மணிகள், சுடுமண் உருவங்கள், ஆட்டக்காய்கள், நுண்கற்கருவிகள் என்று பல கிடைத்தன. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் தோண்டி முடிக்க வேண்டியிருப்பதால் இவ்வேலை பெரும்பாலும் வெயில் காலத்தில்தான் நடக்கும். நாங்கள் பார்க்கப் போனது பழம்பொருள்களை. பார்த்து நின்றது தோண்டுகிறவர்களை.

குழிக்குள் வேலை செய்த பெண்களில் பெரும்பாலோர் சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, மணிக்கட்டு வரை பொத்தான் மாட்டியிருந்தார்கள். தலையில் துண்டு. அதன் ஒரு தலைப்பு பிடரியை மூடித் தோளில் கிடந்தது. இந்தக் கோலத்தை நாங்கள் காட்டிலும் களத்திலும் ஆயிரம் முறை பார்த்திருக்கிறோம். அது ஒரு மருத்துவ ஏற்பாடு என்று எங்களுக்குத் தோன்றியதில்லை. ‘இந்த வேக்காட்டுல சட்டை வேறயா அக்கா?’ என்று எங்களில் ஒருவர் கேட்டதற்கு, மண்சட்டியைக் கைமாற்றிய ஒரு அக்கா, ‘சட்டை இல்லாட்டித்தான் தம்பி வேகும்’ என்றார்.

அறிவியல் அவர் பக்கம்தான் நிற்கிறது. நெருக்கமாக நெய்த, அடர்நிறத் துணி புற ஊதாவை நன்கு தடுக்கும். மெல்லிய வெள்ளைத் துணி அவ்வளவு தடுக்காது. வியர்வையில் நனைந்தால் இன்னும் குறைவாகத் தடுக்கும். ஆஸ்திரேலியாவில் வெள்ளையரிடையே தோல் புற்றுநோய் பெருகியபோது 1981-இல் தொடங்கிய புகழ்பெற்ற பிரசாரம் மூன்று கட்டளைகளை வைத்தது: சட்டையைப் போடு, களிம்பைப் பூசு, தொப்பியை வை. அங்கேயும் முதலில் வந்தது சட்டைதான். கரிசல் மண்ணும் தன் பங்குக்கு ஓர் உதவி செய்கிறது. உலர்ந்த கடற்கரை மணல் புற ஊதாவில் ஏறத்தாழ 15 விழுக்காட்டைத் திருப்பி வீசும். வெறும் மண் தரை பத்து விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் வீசும்.

களிம்பு வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. எஸ்.பி.எஃப். 30 உள்ள களிம்பு புற ஊதா பி கதிரில் ஏறத்தாழ 97 விழுக்காட்டைத் தடுக்கும், 50 உள்ளது 98 விழுக்காட்டை. புற ஊதா ஏ கதிரையும் தடுப்பதாக உறையில் குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஆனால் இந்த எண்கள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசினால்தான் செல்லும். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தேக்கரண்டி, கைகளுக்குத் தலா ஒரு தேக்கரண்டி என்று வைத்தால் ஒரு தடவைக்குப் பதினைந்து மில்லி. வியர்த்துக் கொட்டும் வேலையில் இரண்டு மணிக்கொருமுறை பூச வேண்டும். குட்டை நிழலின் ஆறு மணி நேரத்துக்கு மூன்று முறை. ஐம்பது கிராம் குழாய் ஒன்று ஒரே நாளில் ஏறக்குறையத் தீர்ந்துபோகும். கூலிக்காரக் குடும்பத்தின் கணக்கில் இது எங்கே இடம்பெறும்? அலுவலகத்துக்கு இருசக்கர வண்டியில் போகிறவர் முகத்திலும் புறங்கையிலும் பூசிக்கொள்ளட்டும், நல்லதே. காட்டிலும் களத்திலும் நிற்பவருக்குச் சட்டையும், பிடரியை மூடும் துண்டும், அகன்ற விளிம்புத் தொப்பியும்தான் கட்டுப்படியாகும் களிம்பு. சட்டையால் மூட முடியாத மூக்குக்கும் கன்னத்துக்கும் உதட்டுக்கும் மட்டும் களிம்பு போதும்.

ஆக, வரிசை இப்படி அமைகிறது: முதலில் நேரம், அடுத்து நிழல், அதற்கடுத்துத் துணி, கடைசியில் களிம்பு. விளம்பரங்கள் இதைத் தலைகீழாக்கிக் காட்டுகின்றன. விற்கக்கூடியது களிம்பு ஒன்றுதானே. துணியை எங்கள் பெண்கள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள். நிழலை ஓரளவு மரம் கொடுக்கிறது. சீமைக்கருவேலம் கொடுப்பது பேருக்கு நிழல், வேம்பு கொடுப்பதே நிழல். ஆனால் முதலில் இருக்கும் நேரத்தை அவர்களால் தாங்களாக எடுத்துக்கொள்ள முடியாது. அது கொடுப்பவர் கையில் இருக்கிறது.

கொடுக்க முடியும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. கேரளத்தில் கோடைக்காலங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக்கூடாதென்று தொழிலாளர் துறை உத்தரவிடுவது வழக்கம். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பிற்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளி வேலைக்குத் தடை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் துபாயில் பெறுகிற அந்த இரண்டரை மணி நேரத்தை, அவர்களுடைய அம்மாக்கள் சொந்த ஊரில் பெறுவதில்லை. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் என்று ஆணையிட்டது. நல்ல ஆணை. ஆனால் அது செத்த பிறகு கிடைப்பது. உயிரோடு இருக்கையில் கிடைக்க வேண்டியது உரும நேரத்து மூன்று மணி நேர நிழல்.

கூலியைக் குறைக்காமல், காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு நிறுத்தி, நிழல் மீண்டும் நீளத் தொடங்கியபின் மிச்ச வேலையை முடிப்பது நடக்காத காரியமன்று. இந்த ஊரில் ஒரு பொருளுக்கு ஏற்கெனவே அந்தச் சலுகை இருக்கிறது. மருந்தை உச்சி வெயிலில் வைக்காதே என்று அறிந்தவர்களுக்கு, மனிதரை வைக்காதே என்று அறிவது கடினமாக இராது.